இராயனுடைய முகம்: சலவைக்கல்லிலும் வெள்ளிக்காசிலும்

டென்மார்க் நாட்டின் தலைநகரான கோப்பன்ஹேகனில், நி கார்ல்ஸ்பெர்க் கிளிப்டோடெக் என்னும் சிற்பக்கூடத்தில், திபேரியு இராயனின் சலவைக்கல் தலை ஒன்று இருக்கின்றது. எகிப்தின் ஃபாயூம் பகுதியைச் சேர்ந்த அர்சினோவில், அகுஸ்து இராயன், அவர் மனைவி லிவியா ஆகியோரின் தலைகளோடு அது கிடைத்தது. அகன்ற நெற்றி, பெரிய கண்கள், இறுக மூடிய மெல்லிய உதடுகள், கீழே ஒடுங்கிச் செல்லும் மோவாய். முதுமையின் சுவடு அதில் இல்லை. குடியரசுக் கால ரோமச் சிற்பிகள் முதியோரின் சுருக்கங்களையும் ஒட்டிய கன்னங்களையும் ஒளிக்காமல் செதுக்கினர். அகுஸ்துவோ 75 வயது நிறைந்து இறக்கும் வரை கல்லில் இளைஞராகவே இருந்தார். கி.பி. 4இல் அவர் திபேரியுவைத் தத்தெடுத்தபோது திபேரியுவுக்கு வயது 44. அவ்விளமையும் மகனுக்கு உரிமைச் சொத்தாயிற்று எனலாம்.

சீசர் என்னும் பெயரை நம் தமிழ்த் திருமறை 'இராயன்' என்று தந்தது. விசயநகர மன்னரை இராயர் என்று அறிந்திருந்த மக்களுக்கு அச்சொல் எளிதில் விளங்கியிருக்கும். திருப்பூரின் ராயபுரத்தில் வாழும் நமக்கும் அது அயலாக ஒலிப்பதில்லை. ஆயினும் இதில் ஓர் இடர் உண்டு. நம் அருளுரைகளில் இராயன் என்பது 'அரசாங்கம்' என்பதற்கு மறுபெயராகி, ஆள் மறைந்துவிட்டார். லூக்கா 3:1 குறிப்பிடும் இராயன் ஒரு குறிப்பிட்ட மனிதர். ஜெர்மானியப் போர்களில் பழுத்த படைத்தலைவர், சிக்கனக்காரர், ஐயம் மிகுந்தவர், கி.பி. 26இல் ரோமைவிட்டுப் புறப்பட்டவர், காப்ரி தீவில் தங்கி, கி.பி. 37இல் இறக்கும் வரை தலைநகருக்குத் திரும்பவில்லை. கி.பி. 17இல் நிலநடுக்கத்தால் சர்தை பாழானபோது ஒரு கோடி செஸ்டர்ஸ் அளித்து, ஐந்தாண்டு வரியையும் தள்ளுபடி செய்தவர் இவரே. டாசிட்டஸ் வரைந்த கொடுங்கோலரை மட்டும் அறிந்தோர் இதனையும் நினைவிற்கொள்வது நன்று.

இம்முகம் மக்களிடம் சென்றது கல்லினால் அன்று, காசினால். திபேரியுவின் தெனாரியத்தில் வாகை சூடிய தலையும், தெய்வமாக்கப்பட்ட அகுஸ்துவின் மகன் என்னும் மேலெழுத்தும் உள்ளன. மறுபுறம் தலைமைக் குரு என்னும் பட்டமும், வீற்றிருக்கும் ஒரு பெண்ணுருவும். மாற்கு 12ஆம் அதிகாரத்தில் கொண்டுவரப்பட்ட 'பணம்' இதுவே என்று உரையாசிரியர் பலர் ஐயமின்றி எழுதிவிடுகின்றனர். நற்செய்தியாளர் எந்த இராயன் என்று சொல்லவில்லை. யூதேயாவின் அகழாய்வுகளிலும் அக்காலத் தெனாரியங்கள் அரிதாகவே கிடைக்கின்றன. ஆனால் அம்முகம் அங்கு என்ன செய்ய வல்லது என்பதை யோசேப்பு எழுதிவைத்துள்ளார். பிலாத்து இராயனின் உருவங்கள் தாங்கிய சேனைக் கொடிகளை இரவில் எருசலேமுக்குள் கொண்டுவந்தான். மக்கள் செசரியாவுக்குச் சென்று ஐந்து நாள் தரையில் கிடந்து மன்றாடினர். உருவிய வாளோடு வீரர் சூழ்ந்தபோது கழுத்தை நீட்டினர். உருவங்கள் அகற்றப்பட்டன. அத்தகைய நகரின் ஆலயத்தில்தான் இயேசு காசைக் காட்டச் சொல்கிறார். கேள்வி கேட்டவர்களே அதனைக் கொண்டுவந்து தருகின்றனர்.

யூதேயாவில் அரிதான அக்காசு நம் கொங்கு மண்ணில் குடங்குடமாய்க் கிடைத்தது. நொய்யலாற்றையொட்டிய வெள்ளலூரில் 1842இல் 500க்கு மேற்பட்ட தெனாரியங்கள் வெளிப்பட்டன. திருப்பூருக்குக் கிழக்கே கத்தாங்கண்ணியில் 1913இல் 200க்கு மேல் கிடைத்தன. பொள்ளாச்சியிலும் கரூரிலும் புதையல்கள் உண்டு. இவற்றில் மிகுந்து காணப்படுவோர் அகுஸ்துவும் திபேரியுவுமே.

காரணம் வணிகம். மிளகும் மணிக்கற்களும் மேற்கே சென்றன. காங்கேயத்தை அடுத்த படியூரில் பச்சை நிறக் கல் கிடைத்தது. கொடுமணலில் மணிகள் செய்த பட்டறைகளை அகழாய்வுகள் காட்டியுள்ளன. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் போவதாக மூத்த பிளினி கணக்கிட்டார். அவருக்கு முன்னரே, கி.பி. 22இல், ஆட்சிமன்றத்துக்கு எழுதிய கடிதத்தில், பெண்டிரின் மணிக்கற்களுக்காக நம் செல்வம் அயலார் கைக்குப் போகிறதே என்று குறைபட்டவர் யார்? திபேரியுவே. அவர் வருந்திய செல்வம் அவர் முகத்தையே தாங்கி நொய்யற்கரை வந்து சேர்ந்தது! (டாலர் நகரம் என்று பெயர் பெற்ற திருப்பூரில், அந்நியப் பணத்தில் யார் தலை உள்ளதென்று எவரும் உற்றுப் பார்ப்பதில்லை, விலையைத்தான் பார்க்கிறோம்.)

இங்கு அம்முகத்துக்கு வரி கேட்கும் உரிமை இல்லை. அதற்கு முன் கழுத்தை நீட்டவும் எவருக்கும் நேரவில்லை. உருவம் அதிகாரமாவது தண்டல்காரனும் வாளும் அதன் பின்னே நிற்கும் இடத்தில் மட்டுமே. எருசலேமில் எழுந்த வினாவை இதனோடு சேர்த்துப் படித்தால், இயேசு கேட்டது காசின் மதிப்பையன்று, அதனை மடியில் வைத்திருந்தோரின் உடன்பாட்டையே என்பது நமக்குத் தெளிவாகின்றது.

பிளினி இலங்கை மன்னர் ஒருவரைப் பற்றியும் சொல்கிறார். கிலவுதியு இராயன் காலத்தில், கடல் கொண்டுவந்து சேர்த்த ஒரு ரோமனின் தெனாரியங்களை அம்மன்னர் பார்த்தார். முகங்கள் வெவ்வேறாயிருந்தும் எடை ஒன்றாயிருந்ததைக் கண்டு ரோமரின் நேர்மையை வியந்தாராம். முகங்களை அவரும் கவனித்தார், மதித்ததோ எடையை.

புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றின் மேல் உளியால் வெட்டிய தடம் உள்ளது. மீண்டும் காசாக வழங்காதபடி செய்தனர் என்பர் சிலர்; பொன்னைச் சோதித்தனர் என்பர் வேறு சிலர். எதுவாயினும், வெட்டு விழுந்திருப்பது இராயனுடைய தலையின் குறுக்கே.