இரக்கத்திற்கும் இளைப்பு உண்டு

மரணப் படுக்கையருகே இரவு பகலாகப் பணிபுரியும் செவிலியரின் முகத்தில் சற்றே கடுமை கண்டால், ‘இவர்களுக்கு ஈரநெஞ்சே இல்லை’ என்று நாம் தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். அத்தீர்ப்பு நீதியானதுதானா? வரலாறு விடை தருகின்றது.

1950களின் பிற்பகுதியில், லண்டன் மருத்துவமனை ஒன்றில் செவிலியரின் பணிமுறையை இஸபெல் மென்ஸீஸ் என்னும் உளப்பகுப்பாய்வாளர் ஆராய்ந்தார். அங்கே மாணவியருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சி முடியுமுன்பே விலகினர். நோயாளிகள் பெயரால் அன்றி, படுக்கை எண்ணாலும் நோயாலும் சுட்டப்பட்டனர். உறங்குபவரை எழுப்பித் தூக்க மாத்திரை கொடுக்கும் வழக்கமும் இருந்தது! இவற்றை அவர் கல்நெஞ்சின் அடையாளமாகக் கொள்ளவில்லை. வேதனையையும் மரணத்தையும் அருகிருந்து காண்போரின் அச்சத்தை மறைக்க எழுப்பப்பட்ட மதில்களே இவை என்று 1960ல் எழுதினார். மதில்களோ அச்சத்தைத் தீர்க்கவில்லை. பணியின் மனநிறைவையே பறித்தன.

அதே நகரில் வேறொரு வழியும் பிறந்தது. செவிலியராகப் பயின்று, முதுகுவலியால் அப்பணியை விட்டு, மருத்துவமனைச் சமூகப் பணியாளரானவர் ஸிஸிலி சாண்டர்ஸ். புற்றுநோயால் 1948ல் மறைந்த டேவிட் டாஸ்மா என்னும் போலந்து யூதர், தமக்கு ஆறுதலாயிருந்த அவருக்கு 500 பவுன் விட்டுச் சென்றார். பின்னர் மருத்துவமும் பயின்ற அம்மையார், 1967ல் லண்டன் ஸிடன்ஹாமில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். உடல்நோவு, மனநோவு, குடும்பக் கவலை, ஆன்மத் தவிப்பு யாவும் சேர்ந்ததே ‘முழுவேதனை’ என்றார். வலி மிகும்வரை காத்திராமல் வேளை தவறாது மருந்தளிக்கச் செய்தார். மருத்துவரும் செவிலியரும் சமூக, சமயப் பணியாளரும் கூடிச் சுமந்தமையால், ஒருவர் தோளிலேயே முழுப் பாரமும் விழவில்லை.

ஆயினும் பாரம் பாரந்தான். 1992ல் கார்லா ஜாய்ன்ஸன் செவிலியர் இதழொன்றில் இதனை ‘இரக்கச் சோர்வு’ என்று குறித்தார்; 1995ல் சார்லஸ் ஃபிக்லி நூலாக விரித்தார். பிறர் துயரை ஓயாது ஏற்போர் உறக்கம் இழக்கின்றனர், எரிச்சல் கொள்கின்றனர், ஈற்றில் உணர்வு மரத்துப் போகின்றனர். இரங்காத நெஞ்சுக்கு இச்சோர்வு ஏது?

அரபு மொழியில் இரக்கத்தைச் சுட்டும் ‘ரஹ்மத்’தும் கருப்பையைச் சுட்டும் ‘ரஹிம்’மும் ஒரே வேர்ச்சொல்லில் கிளைத்தவை. சுமந்து பெற்றவளுக்கு நம் இல்லங்களில் நாற்பது நாள் ஓய்வளிக்கின்றோம். ஒரே வாரத்தில் பல மரணங்களைச் சுமந்த செவிலிக்கோ, கண்ணீர் துடைக்கவும் அவகாசமின்றி அடுத்த படுக்கை காத்திருக்கின்றது. போதிய ஆட்களும் ஓய்வும் துக்கத்தைப் பகிர்ந்துகொள்ளத் தோழமையும் அவருக்கு உரிமைகள். நோயாளியின் குடும்பத்தாராகிய நாம் கூறும் நன்றிச்சொல் ஒன்றேனும் அவர் பாரத்தைச் சற்றுக் குறைக்கட்டும்.