அகலப் பின்டயர் (டிராக் பந்தயக் கார்)

டிராக் பந்தயம் என்பது நின்ற இடத்திலிருந்து கிளம்பி, நேர்கோட்டில் கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, ஓடி முடிக்கும் போட்டி. இதில் வளைவு கிடையாது. எஞ்சினில் எவ்வளவு குதிரைத்திறன் இருந்தாலும் அதைத் தரையில் இறக்குவது டயர்தான். எஞ்சின் பலத்தைப் பின்சக்கரங்கள் வாங்கும் காரில், அந்தச் சக்கரங்களுக்கு எவ்வளவு அகலமான டயர் மாட்டலாம் என்பதே கார் கட்டுபவரின் முதல் கேள்வி. தனி சேஸிஸ் இல்லாமல், மடித்து ஒட்டிய தகடுகளே எலும்பும் தோலுமாக நிற்கும் ஒற்றையுடல் காரில் இந்தக் கேள்வி டயர் கடையில் தீராது. பட்டறையில், வெல்டிங் மேசையில்தான் தீரும். அமெரிக்கர்கள் பாடியை வெட்டித் தீர்த்தார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் பாடியையே ஒதுக்கிவிட்டு வேறு காரைக் கட்டினார்கள்.

நேர்கோட்டு ஓட்டம் கொங்கு நாட்டுக்குப் புதிதில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் இன்றும் நடக்கும் ரேக்ளா பந்தயத்தில் 200 மீட்டர், 300 மீட்டர் என இரண்டு பிரிவுகள் உண்டு. காங்கேயம் காளைகள் பூட்டிய வண்டி எத்தனை விநாடியில் கோட்டைத் தொட்டது என்பதே கணக்கு. டிராக் பந்தயமும் கடிகாரத்தோடு நடக்கும் போட்டிதான். ஒரு வேறுபாடு உண்டு. காளைக்குக் குளம்பு தரையைப் பிடித்துக்கொள்ளும். வண்டிச் சக்கரம் சும்மா உருண்டால் போதும். காரில் சக்கரமே குளம்பு.

மேசைமேல் இழுக்கும் கட்டைக்குப் பரப்பு கூடினாலும் உராய்வு கூடாது என்று பள்ளியில் படிக்கிறோம். ரப்பர் அந்தப் பாடத்துக்கு அடங்காது. அது தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் பிதுங்கி இறங்கிப் பிடிக்கும். சூடேறினால் ஒட்டவும் செய்யும். டயர் தரையைத் தொடும் பரப்பு, மேலே உள்ள பாரத்தையும் உள்ளே உள்ள காற்றழுத்தத்தையும் பொறுத்தது. ஒரு டயர்மேல் 300 கிலோ பாரம், உள்ளே 30 பவுண்டு காற்று என்றால், தொடும் பரப்பு ஏறத்தாழ 140 சதுர சென்டிமீட்டர். காற்றை 15 பவுண்டாக இறக்கினால் அது இரட்டிக்கும். ஒல்லி டயரில் அவ்வளவு காற்றை இறக்கினால் டயர் ரிம்மில் நிற்காமல் துவளும். அகல டயர் தாங்கும். ஆகவே அகலம் தரும் முதல் நன்மை, குறைந்த காற்றில் மெத்தென்ற ரப்பரோடு ஓட முடிவதுதான். கார் கிளம்பும்போது பாரம் பின்னால் சாய்வதும் இதோடு சேரும். ஆயிரம் கிலோ கார், எடைமையம் தரையிலிருந்து 50 செ.மீ., சக்கர இடைவெளி 250 செ.மீ., முடுக்கம் புவியீர்ப்பில் பத்தில் எட்டுப் பங்கு (0.8) என்று வைத்துக்கொண்டால், முன்னிருந்து பின்னுக்கு 160 கிலோ நகர்கிறது.

நேர்கோட்டுக் கார்ப் பந்தயத்தின் பிறப்பிடம் கலிஃபோர்னியா. வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை விரட்டி விளையாடியதை ஒழுங்குபடுத்த 1937-இல் அங்கே ஒரு சங்கம் உருவானது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஆட்டம் விமான ஓடுதளங்களுக்கு நகர்ந்தது. 1950-இல் சான்டா ஆனாவில் முறையான டிராக் ஓட்டங்கள் தொடங்கின. 1951-இல் வாலி பார்க்ஸ், தேசிய ஹாட் ராட் சங்கத்தை (என்.எச்.ஆர்.ஏ.) நிறுவினார். அக்காலத்துப் பந்தய டயர் ஒன்றும் பெரிய சரக்கில்லை. தேய்ந்த டயரின்மேல் புது ரப்பர் ஒட்டி, பட்டன் (வரிப்பள்ளம்) வெட்டாமல் வழவழப்பாக விட்டது, அவ்வளவுதான். நம் ஊரில் ரீட்ரேடிங் என்று லாரிக்காரர்கள் தினமும் செய்கிற வேலை அது. 1950-களில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் எம் அண்ட் எச் நிறுவனம் டிராக் பந்தயத்துக்கென்றே டயர் வார்க்கத் தொடங்கியது. பட்டன் இல்லாத இந்த டயருக்கு ஸ்லிக் என்று பெயர். பின்னர் பக்கச்சுவர் மெலிந்த ஸ்லிக் வந்தது. கார் கிளம்பும் கணத்தில் அதன் பக்கச்சுவர் சுருங்கி மடிந்து, தரையில் அகன்று படியும். வேகம் கூடும்போது சுழற்சி விசையில் டயர் உப்பி உயரமாகும். கியர் மாற்றாமலே கியர் விகிதம் மாறியது போன்ற பலன்.

டயர் வளர்ந்தது, பாடி வளரவில்லை. தனி சேஸிஸ் உள்ள பழைய ஃபோர்டில் மட்கார்டைக் கழற்றி வீசினால் இடம் கிடைத்துவிடும். 1960-இல் கிரைஸ்லர் தன் பெரும்பாலான கார்களை ஒற்றையுடலுக்கு மாற்றியதும் கதை வேறானது. பின்சக்கரத்தின் உட்புறம் இருக்கும் தகட்டுக் கூடு, காரின் தரைத்தகட்டுக்கு அடியில் ஓடும் பெட்டி வடிவ ரெயில், பின் இருக்கை, டிக்கி எல்லாம் ஒரே உடலாக ஒட்டியிருந்தன. 1965-இல் கிரைஸ்லர் ஆதரவுக் குழுக்கள், பின் ஆக்சிலை 15 அங்குலமும் முன் ஆக்சிலை 10 அங்குலமும் முன்னே தள்ளிச் சில கார்களைக் கட்டின. பாரம் பின்டயர்மேல் விழ வேண்டும் என்பதே நோக்கம். பார்க்க அவலட்சணமாக இருந்த அந்தக் கார்களுக்கு வேடிக்கைக் கார் என்று ஊரார் வைத்த பெயர், பின்னர் ஒரு பந்தயப் பிரிவின் பெயராகவே நிலைத்தது. 1970-இல் புரோ ஸ்டாக் பிரிவு வந்தபோது முதல் போட்டியில் வென்றவர் பில் ஜென்கின்ஸ். சில ஆண்டுகளிலேயே அவர் ஒற்றையுடலை விட்டு, குழாய்ச் சட்டத்தின்மேல் பாடியைப் போர்த்தும் முறைக்குப் போனார், மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். தொழிற்சாலைப் பாடியோடே ஓட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்கள் வெட்டி ஒட்டும் கலையை வளர்த்தார்கள். 1979 முதல் 1993 வரை வந்த மஸ்டாங் கார் இவர்களுக்குச் செல்லப்பிள்ளை.

அந்தக் கலையின் படிகளைப் பட்டறை வரிசைப்படியே சொல்லலாம். முதலில், மட்கார்டு விளிம்பின் உள்மடிப்பைச் சூடாக்கித் தட்டி மேலே மடக்குவார்கள். ஒரு சுண்டுவிரல் அகலம் கிடைக்கும். அடுத்தது ரிம். சக்கரம் பொருந்தும் முகத்தை ரிம்முக்குள் எவ்வளவு தள்ளி வைப்பது என்பதில் ஓர் அங்குலம் வரை தேற்றலாம். அதன்பின் கைவைக்க வேண்டியது ஆக்சில். அதை மூடியிருக்கும் ஹவுசிங்கின் இரண்டு முனைகளையும் வெட்டி, நடுவே நேரான இரும்புத் தண்டு செருகி மையம் பிசகாமல் பிடித்து, சுற்றிலும் விட்டுவிட்டு வெல்டிங் வைப்பார்கள். ஒரே பக்கம் தொடர்ந்து வைத்தால் சூட்டில் ஹவுசிங் கோணிவிடும். உள்ளே ஓடும் தண்டைக் குறுக்கி, முனையில் பல்வரிசையைப் புதிதாக வெட்டி, மறுபடி கடினப்படுத்த வேண்டும். ஆக்சில் குறுகியதும் பட்டை ஸ்பிரிங்கு குறுக்கே நிற்கும். அதையும் ரெயிலுக்கு நேர் அடியில் நகர்த்துவார்கள். கடைசியாகச் சக்கரக் கூட்டை வெட்டி ரெயில்வரை அகலப்படுத்துவது. மினி டப் என்பது இதுதான். அதுவும் போதாது என்பவர்கள் ரெயிலையே அறுத்தெறிந்து, பின்பாதிக்குச் சதுரக் குழாயால் புதுச் சட்டம் கட்டுவார்கள்.

அபாயம் இருப்பது இந்தக் கடைசிப் படியில். ஒற்றையுடல் காரில் சக்கரக் கூடு வெறும் மூடியாக இருப்பதில்லை, முறுக்கத்தைத் தாங்கும் உறுப்பாகவும் இருக்கிறது. அதை அறுத்துவிட்டு மெல்லிய தகடு வைத்தால், கிளம்பும் வேகத்தில் கார் முறுக்கிக்கொள்ளும்; கதவு திறக்காது, முன்கண்ணாடி விரிசல் விடும். ஆகவே முன் ரெயிலையும் பின் ரெயிலையும் இணைக்கும் குழாயும், உள்ளே இரும்புக் கூண்டும் சேர்த்தே கட்டப்பட வேண்டும். இவை இல்லாமல் அகல டயர் மட்டும் மாட்டிய ஒற்றையுடல் கார் பாதி வேலைதான்.

இந்தியாவில் இந்தக் கலை வேர்பிடிக்காததற்குக் காரணம் ஆர்வக் குறைவு இல்லை, கார்கள்தான். சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து சோழவரம் விமானத் தளம் அதன் பந்தயக் களமானது. அங்கே ஓடிய அம்பாசடரும் ஃபியட் 1100-உம் ஒற்றையுடல் கார்கள்; இரண்டுக்கும் பின்சக்கர இயக்கம், பின்னால் பட்டை ஸ்பிரிங்கு. வடிவத்தில் மினி டப்புக்கு ஏற்றவை. ஆனால் அம்பாசடர் டயரின் அகலமே 5.90 அங்குலம், அதையே சுழலவைத்துப் புகை கிளப்ப அந்த எஞ்சினுக்குத் தெம்பில்லை. 1983-இல் மாருதி 800 வந்தது. அது முன்சக்கர இயக்கம். அந்தக் காருக்குப் பின்னால் அகல டயர் மாட்டுவதால் டிராக் ஓட்டத்தில் ஒரு பயனும் இல்லை. உருள் தடை கூடுவதுதான் மிச்சம். இருந்தும் பின்னால் மட்டும் அகல டயர் மாட்டிச் சுற்றும் மாருதியைப் பார்க்க முடிகிறது. அது பந்தயத்தில் சேராது, அலங்காரத்தில் சேரும்.

கொங்கு நாட்டில் பாடி கட்டும் கைகளுக்குப் பஞ்சமில்லை. கரூரில் பஸ் பாடி, நாமக்கல்லில் லாரி பாடி என்று ஊரே அதில் வாழ்கிறது. ஆனால் அது சேஸிஸ்மேல் கட்டும் அறிவு. பாரத்தைச் சட்டம் சுமக்கும். மேலே உள்ளதை விருப்பம்போல் வெட்டலாம், நீட்டலாம். பின்னால் பிடி வேண்டுமென்றால் இரட்டைச் சக்கரம் பூட்டினால் முடிந்தது. ஒற்றையுடலுக்கு இந்த அனுபவம் பாதிதான் உதவும்.

கோவையில் எஸ். கரிவர்தன் வேறு வழி கண்டார். லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்த அவர், சோழவரத்தில் தானே கட்டிய கார்களில் ஓடியவர். சாலைக் காரை வெட்டித் திருத்துவதைவிட, அதன் எஞ்சினை மட்டும் எடுத்துக்கொண்டு குழாய்ச் சட்டத்தில் ஒற்றை இருக்கைக் கார் கட்டுவது மேல் என்று கண்டார். அப்படி வந்ததுதான் ஃபார்முலா மாருதி. மாருதி 800-இன் 796 சிசி எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் போனது. முன்சக்கர இயக்கம் பின்சக்கர இயக்கமானது. சக்கரங்கள் பாடிக்கு வெளியே நின்றதால் சக்கரக் கூடு என்ற தொல்லையே இல்லை. எந்த அகலத்தில் டயர் வேண்டும் என்பதை இனித் தகடு தீர்மானிக்காது, விதிப்புத்தகம் தீர்மானிக்கும். கோவையைச் சேர்ந்தவரும் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியருமான நாராயண் கார்த்திகேயன் பழகியது இந்த ஃபார்முலா மாருதியில்தான். 1995-இல் கரிவர்தன் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் பி. விஜயகுமார் அமைத்த 2.1 கி.மீ. ஓடுதளத்துக்குக் கரிவர்தன் நினைவாகக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர். சங்கிலி தயாரிக்கும் எல்ஜிபி நிறுவனத்தின் பெயரில் ஓடும் ஃபார்முலா எல்ஜிபி கார்களும் இதே வழியில் வந்தவை. ஸ்விஃப்ட் காரின் 1.3 லிட்டர் எஞ்சின் இவற்றில் பின்னால் அமர்ந்திருக்கும்.

இவை வளைவுள்ள தளத்தில் ஓடும் கார்கள், டிராக் கார்கள் இல்லை. தமிழ்நாட்டில் டிராக் பந்தயம் பெரும்பாலும் இருசக்கர வாகனங்களோடு நின்றுவிட்டது. 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைத் தளத்தில் தேசிய மோட்டார் சைக்கிள் டிராக் போட்டிகள் நடக்கின்றன. கார்களுக்கான கால் மைல் ஓட்டங்களில் பெயர்பெற்றது மகாராஷ்டிரத்தின் ஆம்பி வேலி விமானத் தளம். அங்கே முன்வரிசையில் நிற்பவை பெரும்பாலும் நான்கு சக்கர இயக்க வெளிநாட்டுக் கார்கள். அவற்றுக்குப் பின்டயரை மட்டும் அகலப்படுத்தும் தேவையே எழுவதில்லை.

பந்தயக் காருக்குச் செய்வதைச் சாலைக் காருக்குச் செய்ய முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.