பாட்டு யாருக்குச் சொந்தம்?

மெல்லிசைக் குழு ஒன்றில் நான் தபேலா வாசித்த நாட்களில், ஒரு ராத்திரி கச்சேரி முடிந்து காசைப் பிரிக்கும்போது கீபோர்டு நண்பர் கேட்டார்: "பாடினவனுக்குக் காசு, மைக்செட்காரனுக்குக் காசு. பாட்டைப் போட்டவனுக்கு?" யாரும் பதில் சொல்லலை.

கேள்வி பழசு. 1847இல் பாரிசின் கஃபே ஒன்றில் பாடலாசிரியர் எர்னஸ்ட் பூர்ழே பில் கட்ட மறுத்தார். 'என் பாட்டை ஓசியில் பாடவைத்துக் கூட்டம் சேர்க்கிறீர்கள், நான் குடித்ததற்கு மட்டும் காசா?' என்பது அவர் வாதம். நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கடை கடையாகத் தனியாள் ஏறி வசூலிக்க முடியாதே. ஆகவே 1851இல் சாசெம் என்னும் சங்கம் பிறந்தது. சங்கம் உரிமம் கொடுக்கும், வசூலிக்கும், உறுப்பினர்களுக்குப் பங்கிடும். இந்தியாவில் அதே வேலைக்கு ஐ.பி.ஆர்.எஸ். 1969இல் வந்தது.

வந்த வேகத்தில் சினிமா முதலாளிகளோடு மோதியது. 1977இல் உச்சநீதிமன்றம் சொன்னது: மாற்று ஒப்பந்தம் இல்லையென்றால், காசு கொடுத்துப் படத்துக்கு இசையும் பாட்டும் செய்வித்த தயாரிப்பாளரே முதல் உரிமையாளர். தொண்ணூறுகளில் 'ஆசிரியன் செத்துவிட்டான்' என்று நாம் டீக்கடையில் மல்லுக்கட்டினோம். சட்டம் அவனை எப்பவோ புதைத்துவிட்டு, கல்லறையில் முதலாளி பெயரைப் பொறித்திருந்தது.

இன்னொரு விஷயம். 1957ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு, காகிதத்தில் எழுதப்பட்டதுதான் இசைப் படைப்பு. காதால் கற்றுக் கையால் வாசிப்பவனின் இசை, இசையே இல்லை! 1994 திருத்தம்தான் இதை மாற்றியது. பாடுபவர், வாசிப்பவருக்கும் ஓர் உரிமையைத் தந்தது.

2012 திருத்தம் இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் ராயல்டியில் தங்கள் சம பங்கை எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி செய்தது. நல்லதுதான். ஆனால் திரையரங்கில் படத்தோடு ஒலிக்கும் பாட்டு அதில் சேராது. சண்டை தொடங்கிய இடமே விதிவிலக்கு!

இன்றும் எனக்கு உறுத்துவது வேறு. தலைமுறை தலைமுறையாய்ப் பறையில் வளர்ந்த அடி ஒன்றைச் சினிமா எடுத்துக்கொண்டால், அந்தப் பாட்டுக்கு ஆசிரியர் உண்டு, ராயல்டி உண்டு. அடிக்கு ஆசிரியர் கிடையாது. அதை வளர்த்த தெருவுக்குச் சல்லிக்காசு கிடையாது. தனியாளைத் தேடும் சட்டத்துக்குக் கூட்டாகப் படைத்தவர்கள் கண்ணில் படுவதில்லை. நண்பர் கேட்ட கேள்வியை இந்தத் தெருவிலிருந்து திரும்பக் கேட்கணும்.