குளுவாங் வட்டார நிலக்காட்சி ஒளிப்படக்கலை

குளுவாங் வட்டார நிலக்காட்சி ஒளிப்படக்கலை என்பது, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து நடுப்பகுதியிலுள்ள குளுவாங் நகரையும் அதைச் சூழ்ந்த குன்று, காடு, தோட்டம், நீரோட்டம் ஆகியவற்றையும் பிழைப்புக்காக அன்றி விருப்பத்தால் படம்பிடிக்கும் வழக்கத்தையும், அதற்கென வில்லைகளையும் இடங்களையும் தேர்ந்தெடுக்கும் முறையையும் குறிக்கும். பேச்சில் ‘லென்ஸ்’ என்று வழங்குவதே இங்கு வில்லை எனப்படுகிறது. நிலக்காட்சிக்கு அகலக்கோண வில்லையே உரியது என்று கையேடுகள் பொதுவாகக் கூறும் விதி, காற்று வறண்டு தெளிந்திருக்கும், மலைகள் மரமின்றி உயர்ந்து நிற்கும் நாடுகளின் அனுபவத்தில் விளைந்தது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 2 பாகையில், ஈரக்காற்றும் தாழ்ந்த குன்றுகளும் கண்ணை மறைக்கும் பசுமையும் கொண்ட குளுவாங்கில் அவ்விதி பாதியளவே செல்லுபடியாகிறது.

மலாய் மொழியில் பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் ‘கெளுவாங்’ என்ற சொல்லே ஊர்ப்பெயரானது. அவ்வௌவால்கள் இன்று மிகவும் அருகிவிட்டதால், ஊருக்குப் பெயர் தந்த காட்சிதான் ஊரில் படமெடுக்கக் கிடைப்பதற்கு அரிது.

ஒளியும் காற்றும்

தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் கிரீன்விச் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னதாக ஓடுகிறது. அந்த நேரம் 120 பாகைக் கிழக்குத் தீர்க்கக்கோட்டுக்கு உரியது. குளுவாங்கோ ஏறத்தாழ 103 பாகையில் இருப்பதால், அங்கே சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1 மணிக்குச் சற்று மேலேதான். காலை 7 மணியை ஒட்டிய உதயமும் மாலை 7 மணியை ஒட்டிய மறைவும் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை என்பதால், பள்ளிக்கோ வேலைக்கோ போகுமுன் படமெடுக்க விரும்புவோருக்கு நேரம் நெருக்கடியாகவே அமைகிறது.

சூரியன் தொடுவானத்தை ஒட்டி நின்று, ஒளி சாய்ந்தும் மஞ்சளாகவும் விழும் வேளையைப் படக்காரர்கள் ‘பொன்னொளி வேளை’ என்பர். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதாலும், நிலநடுக்கோட்டருகே ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதாலும், 6 பாகை உயரத்திலிருந்து தொடுவானத்தைத் தொட இங்கே 24 நிமிடமே ஆகிறது. லண்டனில் பகலும் இரவும் சமமாகும் நாளில் அதே இறக்கம் ஏறத்தாழ 40 நிமிடம் நீடிக்கும். முக்காலியை விரித்துச் சட்டகத்தை முடிவுசெய்வதற்குள் ஒளி போய்விட்டது என்று புதியவர்கள் குறைபடுவதற்கு இதுவே காரணம். முதல்நாள் நண்பகலிலேயே இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்வது இதற்கு எளிய தீர்வு.

காற்றின் தெளிவு பருவத்தைப் பொறுத்தது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான காலத்தில் மழை மிகுந்தாலும், தூசியைக் கழுவிச் செல்லும் பெருமழைக்குப் பிந்தைய ஒன்றிரண்டு மணி நேரமே ஆண்டின் மிகத் தெளிந்த வானத்தைத் தருகிறது. மாறாக, தென்மேற்குப் பருவத்தின் வறண்ட மாதங்களில் சுமத்ராவின் காட்டுத்தீயும் கரிநிலத்தீயும் எழுப்பும் புகைமூட்டம் மாநிலத்தையே மூடுவதுண்டு. 2013 ஜூன் மாதத்தில் காற்று மாசுக் குறியீடு 700ஐத் தாண்டியதால் ஜொகூரின் மூவார், லேடாங் மாவட்டங்களில் அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. அத்தகைய நாள்களில் வில்லையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

வில்லைத் தேர்வும் லம்பாக் மலையும்

வில்லையின் மையத்துக்கும், தொலைவிலுள்ள பொருளின் தெளிவான பிம்பம் விழும் தளத்துக்கும் இடையிலுள்ள தூரம் குவியத் தூரம் எனப்படும். இது மில்லிமீட்டரில் அளக்கப்படுகிறது. குவியத் தூரம் குறையக் குறையப் பார்வைக் கோணம் விரியும். கூடக் கூடச் சுருங்கும். ஒளியைப் பதிவுசெய்யும் உணரியின் பரப்பும் இதில் சேரும். 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உடைய உணரி ‘முழுச்சட்டகம்’ எனப்படும். தொடக்கநிலைக் கேமராக்கள் பலவற்றில் அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி உணரி இருப்பதால், அவற்றில் 18 மி.மீ. வில்லை முழுச்சட்டகத்தின் 27 மி.மீ. வில்லைக்கு நிகரான கோணத்தையே தருகிறது. கேமராவுடன் சேர்ந்து வரும் 18-55 மி.மீ. வில்லையைப் பலர் இளக்காரமாகப் பார்ப்பது நியாயமன்று. கீழே சொல்லப்படும் படங்களில் பாதியை அதைக்கொண்டே எடுத்துவிடலாம்.

நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டரில் எழும் லம்பாக் மலை 510 மீட்டர் உயரம் உடையது; குளுவாங் வாசிகள் விடியற்காலையில் ஏறி இறங்கும் மலையும் அதுவே. ‘கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்த மலை படத்தில் மணல்மேடுபோல் ஆகிவிட்டது’ என்பது இம்மலையைக் கைப்பேசியில் எடுத்தவர்களிடம் அடிக்கடி எழும் முறையீடு. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 5 கிலோமீட்டர் தள்ளி நிற்பவரின் கண்ணுக்கு மலையின் அடிக்கும் உச்சிக்கும் இடையே உள்ள கோணம் ஏறத்தாழ 5½ பாகைதான். கைப்பேசியின் முதன்மை வில்லைக்கு நெருக்கமான 24 மி.மீ. வில்லை, கிடைநிலையில் பிடிக்கும்போது மேலிருந்து கீழாக 53 பாகையைச் சட்டகத்துக்குள் கொண்டுவருகிறது. ஆகவே படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கே மலைக்குக் கிடைக்க, மீதியை வானமும் தார்ச்சாலையும் பங்கிட்டுக்கொள்கின்றன. அதே இடத்தில் நின்று 135 மி.மீ. நெடுங்குவிய வில்லையைப் பொருத்தினால், கோணம் 10 பாகையாகச் சுருங்கி, மலை சட்டகத்தின் பாதிக்கு மேல் எழுந்து நிற்கும். நடுவிலுள்ள கடைவீதிக் கூரைகளும் மின்கம்பங்களும் மலையோடு ஒட்டி அடுக்கிவைத்ததுபோல் தோன்றும். இந்த ‘நெருக்கம்’ வில்லையின் மாயமன்று. தொலைவில் நின்று சிறு பகுதியை மட்டும் வெட்டி எடுப்பதன் விளைவே அது. குளுவாங்குக்கு ஒரே ஒரு கூடுதல் வில்லை வாங்குவோர், கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டும் மீஅகலக்கோண வில்லையை விட்டு, 70-200 மி.மீ. அல்லது 55-200 மி.மீ. போன்ற ஒன்றைக் கேட்பதே தக்கது.

மலை கிழக்கே இருப்பதால், நகரிலிருந்து பார்ப்பவருக்கு விடியலில் அது நிழலுருவாக மட்டுமே தெரியும். மரங்களின் பசுமையும் மடிப்புகளும் வேண்டுவோர் மாலை ஒளிக்குக் காத்திருக்க வேண்டும்.

தோட்டங்கள்

இவ்வட்டாரத்துக்கே உரிய நிலக்காட்சி மலையன்று, தோட்டமே. ஜொகூர் வழியான இருப்புப்பாதை 1909இல் நிறைவுற்று, 1915இல் குளுவாங் மாவட்டத் தலைமையிடமாக உருவான காலம் முதல், நியோர், சாமேக், ரெங்கம், பாலோ, காஹாங் என்று சுற்றிலும் காடு அழிந்து ரப்பர் பரவியது. தோட்டத் தமிழர் ‘பால்மரம்’ என்று அழைத்த ரப்பருக்குப் பதிலாகப் பின்னர் பெரும்பகுதியில் செம்பனை வந்தது. இக்காட்சியை இயற்கைக் காட்சி என்று சுற்றுலா ஏடுகள் எழுதுவது உண்மைக்குப் பொருந்தாது. நிரை பிடித்து, குழி வெட்டி, கன்று நட்டு மனிதர்கள் செய்த காட்சி இது. அந்தக் கைகளில் தமிழர் கைகளும் கணிசமானவை.

படமெடுப்பவருக்கு இதை அறிந்திருப்பது கருவி அறிவைப் போலவே பயன்படும். செம்பனை பொதுவாக ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் சமபக்க முக்கோண அமைப்பில் நடப்படுகிறது. எனவே தோட்டத்தின் உள்ளே ஒருவர் நின்ற இடத்திலேயே 60 பாகை திரும்பும்தோறும் மரங்கள் ஒரே கோட்டில் வந்து ஒரு பாதை திறந்துகொள்கிறது, சற்றே விலகினாலும் அக்கோடு கலைந்து அடிமரங்களின் குழப்பமாகிவிடுகிறது. அந்தக் கோட்டைத் தேடி அரை அடி இடமும் வலமும் நகர்வதே இங்குச் சட்டகம் அமைக்கும் கலை. மட்டை வெட்டிய தழும்புகளில் பெரணி தொற்றிய முதிர்ந்த மரங்கள் மேலே கூடி மூடும்போது உள்ளே ஒளி சீராகவும் மங்கலாகவும் இருக்கும். முக்காலியும் 50 மி.மீ. அளவை ஒட்டிய வில்லையும் போதும். ஏறத்தாழ 25 ஆண்டுக்கு ஒருமுறை மறுநடவு நடக்கும் இடங்களில், செம்மண் படிக்கட்டுகளின்மேல் இளங்கன்றுகள் புள்ளிகளாக நிற்கும் சரிவுகளை நெடுங்குவிய வில்லை கோலப்புள்ளிபோல் ஆக்கிக் காட்டும்.

எஞ்சிய ரப்பர்த் தோட்டங்களுக்குத் தனிப் பருவம் உண்டு. பிப்ரவரி, மார்ச் மாதங்களை ஒட்டிய வறட்சியில் பால்மரம் இலையுதிர்க்கிறது. உதிருமுன் இலைகள் மஞ்சளும் செம்பழுப்புமாக மாறுவதால், பருவ மாற்றமே இல்லாத நாடென்று சொல்லப்படும் மலேசியாவில் சில வாரங்களுக்கு ஓர் இலையுதிர்காலம் தோன்றி மறைகிறது. இரவில் மழை பெய்து, விடியலில் காற்று அசையாத நாள்களில் நிரைகளுக்கிடையே தேங்கும் பனிமூட்டம், ஒன்றன்பின் ஒன்றாக மங்கிச் செல்லும் அடிமரங்களால் படத்துக்கு ஆழத்தைக் கொடுக்கும். கேமரா தானே ஒளியை அளக்கும்போது வெண்மூட்டத்தைச் சாம்பலாக்கிவிடும் என்பதால், ஒளியளவை ஒரு படி, அதாவது இருமடங்காக, கூட்டி வைப்பது வழக்கம். தோட்டங்கள் தனியார் உடைமை; நிர்வாகத்தின் அனுமதியின்றி உள்ளே போவது சட்டத்துக்குப் புறம்பானது.

காடும் நீரும்

குளுவாங் மாவட்டத்தின் மற்றொரு மலையான பெலுமுட் 1,010 மீட்டர் உயரமுடையது. ‘பாசி’ எனப் பொருள்படும் ‘லுமுட்’ என்ற மலாய்ச் சொல் அதன் பெயரில் இருக்கிறது. அதன் அடிவாரத்து நீரோடைகளும் அருவிகளும் வார இறுதிப் படக்காரர்களுக்கு எளிதில் எட்டுபவை. இன்னும் உள்ளே, காஹாங்கிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தோட்ட, மண் பாதையைக் கடந்தால், ஜக்குன் பழங்குடியினர் வாழும் கம்போங் பேத்தா வழியாக ஜொகூரையும் பகாங்கையும் தழுவிய எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவை அடையலாம். 1985-86இல் மலாயா இயற்கைக் கழகம் நடத்திய அறிவியல் பயணமே இக்காட்டை நாடறியச் செய்தது. இங்கு வளரும், விசிறிபோல் விரிந்த ஓலைகளை உடைய ‘லிவிஸ்டோனா எண்டாவென்சிஸ்’ என்ற பனை 1987இல் அறிவியல் பெயர் பெற்றது. மழைக்கால வெள்ளத்தின்போது பூங்கா மூடப்படும்.

அகலக்கோண வில்லை தன் இடத்தைப் பெறுவது இங்கேதான். பூங்காவிலுள்ள உப்பே குலிங் அருவியில் சுழல்நீர் குடைந்த பாறைக்குழிகள் குளியல்தொட்டிகளைப்போல் வரிசையாக இருக்கின்றன. காலடியிலுள்ள குழியும் பின்னாலுள்ள அருவியும் ஒருசேரத் தெளிவாக வேண்டுமானால் ‘மீகுவியத் தூரம்’ என்னும் கணக்கு உதவும். முழுச்சட்டகத்தில் 24 மி.மீ. வில்லையின் ஒளிபுகும் துளையை எஃப்/8 அளவில் வைத்து 2.4 மீட்டரில் குவித்தால், 1.2 மீட்டர் முதல் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை தெளிவாகப் பதியும். துளையை எஃப்/16க்கும் கீழே குறுக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுவதும் மெல்ல மழுங்கும் என்பதால், அதை இயன்றவரை தவிர்ப்பது நல்லது.

மழைக்காட்டில் வேறெந்தக் கருவியைவிடவும் பயன்படுவது முனைவாக்க வடிகட்டியாகும். வில்லையின் முன் திருகிச் சுழற்றப்படும் இக்கண்ணாடி, ஈர இலைகளிலும் நீர்ப்பரப்பிலும் பட்டுத் தெறிக்கும் வெண்பளபளப்பை நீக்கி, அடியிலுள்ள நிறத்தை வெளிப்படுத்துகிறது. ஒளியில் ஒன்றரை முதல் இரண்டு படி குறைவது இதற்குக் கொடுக்கும் விலை. நீரைப் பட்டுத்துணிபோல் காட்ட விரும்புவோர் ஒளியை 64 மடங்கு குறைக்கும் சாம்பல் வடிகட்டியைச் சேர்த்தால், 1/15 நொடிப் பதிவு 4 நொடியாக நீளும். எல்லா அருவியையும் பாலாக்குவது இப்போது சடங்காகிவிட்டது. எண்டாவ் ஆற்றின் நீரில் மக்கிய இலைகளின் சாறு ஊறித் தேயிலைச் சாயம்போல் பழுப்பாக ஓடும் அழகு, குறுகிய பதிவிலும் நன்றாகவே வரும். நிறச்சமநிலையைத் தானியங்கியில் விட்டால் கேமரா அந்தப் பழுப்பைக் குறையென்று கருதித் திருத்திவிடக்கூடும் என்பதால், அதைப் பகலொளி நிலையில் நிறுத்திவைக்க வேண்டும்.

ஈரமும் விதிகளும்

குளிரூட்டிய காரிலிருந்து கேமராவை வெளியே எடுத்ததும் வில்லையில் நீர்ப்படலம் படர்வது, கண்ணாடி வெளிக்காற்றின் பனிநிலையைவிடக் குளிர்ந்திருப்பதால் ஆகும். துடைக்கத் துடைக்க அது மீண்டும் வரும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்திருந்தால் தானே தீரும். இதைவிடக் கொடியது வில்லையின் உள்ளே சிலந்தி வலைபோல் கிளைக்கும் பூஞ்சணம். நீடித்த ஈரத்தில் வளர்ந்து கண்ணாடிப் பூச்சையே அரிக்கும் இதைத் தடுக்க, ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் நிறுத்தும் உலர்பெட்டியோ, சிலிக்கா மணிகள் இட்ட காற்றுப்புகா டப்பாவோ வேண்டும். மலேசியாவில் புதிய வில்லைக்கு முன் வாங்க வேண்டியது இப்பெட்டியே.

வானிலிருந்து தோட்ட முக்கோணங்களை எடுக்கும் ஆசையால் டிரோன் வாங்குவோர் பெருகியுள்ளனர். மலேசிய விதிகளின்படி அது 400 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 120 மீட்டருக்கு மேல் பறக்கக் கூடாது. வான்வழிப் படப்பிடிப்புக்கு நில அளவைத் துறையின் அனுமதியும் தேவைப்படுகிறது. குளுவாங்கில் இன்னொரு தடையும் உண்டு. தரைப்படையின் வான்படைப் பிரிவு இங்குள்ள மகோத்தா முகாமில் இயங்குவதால், நகரையொட்டிய பகுதிகளில் படைத்தள வேலியும் ஹெலிகாப்டர் பாதையும் குறுக்கிடுகின்றன. 1959ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட இடங்கள் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட இடங்களைத் தரையிலிருந்து படமெடுப்பதும் குற்றமாகலாம். படம்போட்ட எச்சரிக்கைப் பலகை தொங்கும் வேலியின் அருகே முக்காலியை விரிக்காதிருப்பதே உள்ளூர்ப் படக்காரர்களின் நடைமுறை.