மூளைத் தழும்பும் மறதியும்

மட்டக்களப்பு வாவி பூமத்திய ரேகையிலிருந்து 8 பாகைக்கும் குறைந்த தொலைவில் உள்ளது. நரம்புறைகளைச் சிதைக்கும் 'மல்டிப்பிள் ஸ்கிளரோசிஸ்' என்னும் நோய் குளிர்நாடுகளில் மிகுதி. இவ்வெப்ப நிலத்தில் அரிது. ஆயினும், அரிதென்பது இல்லையென்பதாகாது. எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும் அந்நோயைப் பெயர் சொல்லி அறிந்தோர் சிலரே.

1868ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவ அறிஞர் சார்க்கோ அதனைத் தெளிவுற விளக்கினார். இறந்தோரின் மூளையிலும் முண்ணாணிலும் தழும்புகளைக் கண்டார். நோயாளரின் நினைவு தளர்வதையும் குறித்துவைத்தார். ஆனால் அத்தழும்புகளை உயிருள்ளபோது காண அன்று வழியில்லை.

1981இல் இலண்டன் மருத்துவர்கள், எக்ஸ் கதிர் ஸ்கேன் காட்டாத பல தழும்புகளைக் காந்த அதிர்வுப் படத்தால் உயிருள்ளோரின் மூளையிலேயே கண்டனர். பின்வந்த ஆய்வுகள் மற்றோர் உண்மையையும் உணர்த்தின. சிந்தனை மந்தமாதல், தழும்புகளின் தொகையைக் காட்டிலும் மூளையின் சுருக்கத்தோடு, சிறப்பாகத் தலாமஸ் என்னும் பகுதியின் சுருக்கத்தோடு, நெருங்கிய தொடர்புடையது.

நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இத்தளர்ச்சி நேர்கிறது. நடையில் குறையில்லாதவரிடத்தும் அது தோன்றலாம். ஆகவே, அத்தகையோர் சொன்னதை மறந்தாலும் கணக்கில் தடுமாறினாலும், அதனைச் சோம்பலென்று வீட்டார் கடிதல் தகாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முறை.