ஒரு டன் என்றால் எவ்வளவு?

ஏ.சி. வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, "ஒரு டன்னா, ஒன்றரை டன்னா?" என்பதுதான். ஆனால் அந்த ஏ.சி.யை எடை போட்டால் நூறு கிலோகூட இருக்காது! அப்படியென்றால் அந்த ஒன்றரை டன் எங்கே இருக்கிறது?

இதற்கு விடை தேட, பழைய மதுப் பீப்பாயிலிருந்து தொடங்க வேண்டும்.

இங்கிலாந்தில் மது ஏற்றிய பெரிய பீப்பாய்க்கு 'டன்' என்று பெயர். எத்தனை பீப்பாய் ஏற்றலாம் என்பதை வைத்துக் கப்பலின் அளவைச் சொன்னார்கள். அந்த அளவின்படி வரியும் துறைமுகக் கட்டணமும் வாங்கினார்கள். 1773-ஆம் ஆண்டுச் சட்டம் கப்பலின் நீளத்தையும் அகலத்தையும் மட்டுமே அளக்கச் சொன்னது. ஆழம், அகலத்தில் பாதி என்று அதுவே வைத்துக்கொண்டது. கப்பல் முதலாளிகள் விடுவார்களா? அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டினார்கள். சரக்கு அதிகம், வரி குறைவு. ஆனால் அப்படிப்பட்ட கப்பல்கள் கடலில் சரியாக நிற்கவில்லை, ஆபத்து மாலுமிகளுக்கு! 1854-இல் மூர்சம் என்பவரின் முறை சட்டமானது. கப்பலின் உள்ளே உள்ள இடத்தையே அளந்து, 100 கன அடி ஒரு டன் என்றார்கள். ஆக, கப்பலில் டன் என்பது கொள்ளளவு.

அடுத்து ஏ.சி. குளிர்பதன இயந்திரம் வருவதற்கு முன் அமெரிக்கர்கள் ஏரிகளில் வெட்டியெடுத்த பனிக்கட்டியைத்தான் நம்பியிருந்தார்கள். அதனால் புதிய இயந்திரத்தின் திறனையும் பனிக்கட்டிக் கணக்கிலேயே சொன்னார்கள். 2000 பவுண்டு (907 கிலோ) பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அதே வேகத்தில் வெப்பத்தை வெளியேற்றினால் அது ஒரு டன் இயந்திரம். இன்றைய கணக்கில் சுமார் 3.5 கிலோவாட். ஆக, இங்கே டன் என்பது திறன்.

வெடிபொருள் துறையில் இதே சொல் ஆற்றலைக் குறிக்கிறது. ஒரு டன் டி.என்.டி. என்றால் 418.4 கோடி ஜூல். 1945-இல் ஹிரோஷிமாவில் விழுந்த அணுகுண்டின் எடை சுமார் நாலரை டன். அது வெடித்தபோது வெளிப்பட்ட ஆற்றலோ சுமார் 15,000 டன்! இரண்டுமே 'டன்'தான். ஒன்று விமானம் தூக்க வேண்டிய சுமை, மற்றொன்று ஒரு நகரம் அழிந்த அளவு.

எடை, கொள்ளளவு, திறன், ஆற்றல்... சொல் ஒன்று, பொருள் நான்கு. எண்ணைப் பார்க்கும் முன் எதை அளக்கிறார்கள் என்று கேட்பது நல்லது. அதைத் தவறாக வரையறுத்த ஒரு சட்டத்தால் கப்பலின் வடிவமே மாறிப்போனது அல்லவா?