லினக்ஸ் சொன்ன பொய்

எங்கள் விளாங்குடி வீட்டில் பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. லினக்ஸ் போட்டதும் திரை வெளிச்சத்தைக் கூட்டவும் முடியவில்லை, குறைக்கவும் முடியவில்லை. தேடினால் ஒரு வரியில் தீர்வு கிடைத்தது: துவங்கும்போதே கெர்னலிடம் "நீ விண்டோஸ் 2012 இல்லை" என்று சொல்லிவிட வேண்டுமாம்! (விண்டோஸ் 8-க்கு ஃபர்ம்வேரில் அதுதான் பெயர்.) காமர்ஸ் படிக்கிற எனக்குத் தலை சுற்றியது. லினக்ஸ் எப்போதய்யா விண்டோஸ் ஆனது?

கதை 1996 டிசம்பரில் தொடங்குகிறது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற விதிமுறையை வெளியிட்டன. பேட்டரி, மின்சிக்கனம், தூக்கநிலை இவற்றுக்கான குட்டி நிரல்கள் மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே இருக்கும். இயங்குதளம் அவற்றைப் படித்து நடக்க வேண்டும். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் பல தயாரிப்பாளர்கள் விண்டோஸில் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து விற்றுவிட்டார்கள். இன்டெலின் கம்பைலர் பிடிக்கிற தப்புகளை மைக்ரோசாஃப்டின் கம்பைலர் கண்டுகொள்ளாமல் விட்டது.

"உனக்கு இந்த விண்டோஸ் தெரியுமா?" என்று ஃபர்ம்வேர் கேட்கும் வசதியும் உண்டு. தெரியாது என்றால், யாருமே சோதித்துப் பார்க்காத பாதையில் போய் மாட்டிக்கொள்ள வேண்டும். அதனால் எந்த விண்டோஸைக் கேட்டாலும் லினக்ஸ் "ஆமாம்" என்றது. 2007-இல் வந்த 2.6.23 கெர்னலிலிருந்து, "நீ லினக்ஸா?" என்று கேட்டால் "இல்லை" என்றே சொல்கிறது :-)

அதே 2007-இல் அமெரிக்காவின் அயோவா வழக்கில் பில் கேட்ஸின் 1999 ஜனவரி மின்னஞ்சல் ஒன்று வெளிவந்தது. ஏசிபிஐ-யை விண்டோஸுக்கு மட்டும் ஒத்துவருகிற மாதிரி செய்ய முடியாதா என்று அதில் யோசித்திருந்தார். சதி எதுவும் தேவைப்பட்டிருக்காது, தயாரிப்பாளர்களின் அலட்சியமே போதும் என்பது என் எண்ணம்.

நம்மூருக்கும் இதில் பங்குண்டு. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. அதற்குள்ளும் இதே கெர்னல், இதே பொய்.

கணக்குப்பதிவியலில் தப்பு செய்தவர் ஏட்டிலேயே திருத்தப் பதிவு போடுவோம். இங்கே தப்பு ஒருவருடையது, திருத்தப் பதிவு இன்னொருவர் ஏட்டில். பிசிஐ கருவிகளின் குறைகளைச் சமாளிக்க மட்டும் லினக்ஸில் தனிக் கோப்பு இருக்கிறது, ஐயாயிரம் வரிக்கு மேல்! இயந்திரம் குப்பைக்குப் போனாலும் அந்த வரிகள் லேசில் போவதில்லை.

எங்கள் லேப்டாப்புக்கு ஃபர்ம்வேர் திருத்தம் வரவேயில்லை. அந்த ஒரு வரியில்தான் ஓடுகிறது. நேற்று தம்பி வெளிச்சத்தை முழுசாகக் குறைத்துவிட்டு, கரண்ட் போய்விட்டது என்று கத்தினான்.